டிக்கியில் ரேக் மாட்டி சைக்கிள் ஏற்றுவது: பெல்ட்டா, கூரையா?

கேள்வி: ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து ஏலகிரிக்கு நானும் தங்கச்சியும் சைக்கிளோட போகணும். ஒண்ணு மெல்லிய டயர் போட்ட ரோடு பைக், இன்னொண்ணு 29 இன்ச் சக்கர எம்டிபி, அதாவது மலை சைக்கிள். பின்னாடி பெல்ட் போட்டு மாட்டுற ரேக் போதும்னு கடைக்காரர் சொல்றார். ஃபிரெண்ட்ஸ் எல்லாம் கூரையிலதான் ஏத்தணும்கறாங்க. பின்னாடி மாட்டினா பெயின்ட் போயிடுமா, நடுரோட்டில கழண்டு விழுமா, போலீஸ் நிறுத்துவாங்களா?

9 ஜூன் 2023, காலை 7.10

பெயின்ட் போகும், துடைக்காமல் மாட்டினால். விழாது, ஒழுங்காகக் கட்டினால். போலீஸ் நிறுத்தலாம், நம்பர் பிளேட் மறைந்தால்.

இரண்டு சைக்கிளுக்கு டிக்கி ரேக் தாராளம். கூரைக்கு ஓட்டு போடுகிறவர்கள் கூரைக் கம்பி விலையையும் சேர்த்துச் சொல்லட்டும். நம் ஊர் கார்கள் பலவற்றில் மேலே தெரியும் ரூஃப் ரெயில் வெறும் அழகுக்கு ஒட்டியது. அதில் சுமை ஏற்றக் கூடாது என்று கார் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை.

9 ஜூன், காலை 7.45

அவசரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். டிக்கிக் கதவின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருந்தால் மேல் கொக்கியை அதில் மாட்டக் கூடாது. முழுச் சுமையையும் தாங்குவது மேல் இரண்டு பெல்ட்டுகள்தான். பக்கத்து பெல்ட்டும் கீழ் பெல்ட்டும் ஆட்டத்தைத்தான் பிடிக்கும். ஸ்பாய்லரை நாலு ஸ்க்ரூவும் கொஞ்சம் பசையும்தான் பிடித்திருக்கும், இரண்டு சைக்கிளை அது எங்கே தாங்கப் போகிறது! கதவைத் திறந்து, கொக்கியைத் தகட்டின் விளிம்பில் மாட்டி, பிறகு கதவைச் சாத்தினால் கொக்கி அந்த இடுக்கில் உட்கார வேண்டும். உட்காரவில்லையா, அந்தக் காருக்கு அந்த ரேக் இல்லை. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

சில புது எஸ்யூவிகளில் டிக்கிக் கதவே பிளாஸ்டிக். அதில் பெல்ட் ரேக்கே வேண்டாம். ஈகோஸ்போர்ட், தார் மாதிரி பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டிகளுக்கு ஸ்டெப்னியில் மாட்டுகிற ரேக் தனியாக வருகிறது.

9 ஜூன், இரவு 9.30

ஓசூர் நண்பர் ஒருவர் கேட்கிறார், எந்த சைக்கிள் முதலில் என்று. கனமானது முதலில், காரை ஒட்டி. ரோடு பைக் 9, 10 கிலோ இருக்கும். எம்டிபி 14, 15 கிலோ. கனம் வெளியே தள்ளிப் போகப் போக மேல் பெல்ட்டில் இழுவை ஏறும். ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த இழுவைதான் கொக்கியைக் கிளப்பும்.

இரண்டாவதைத் திருப்பிப் போடுங்கள். முதல் சைக்கிளின் ஹேண்டில்பார் இடப்பக்கம் என்றால் அடுத்ததுக்கு வலப்பக்கம். ஒரே பக்கம் போட்டால் ஒன்றின் ஹேண்டில் மற்றதன் சீட்டைக் குத்திக்கொண்டே வரும்.

பெடல்: காரைப் பார்த்திருக்கும் பெடல் மேலே போனால் கண்ணாடி, கீழே போனால் பம்பர். பெடல் மாட்டிய கிராங்கைச் சுற்றி இரண்டிலும் படாத இடம் பார்த்து, பின்சக்கரத்தோடு சேர்த்து ஒரு கட்டுப் போடுங்கள். தூரப் பயணம் என்றால் உள்பக்கத்துப் பெடலைக் கழற்றிவிடுவேன். 15 எம்எம் ஸ்பேனர் ஒன்று போதும், சில பெடலுக்கு ஆலன் கீ. இடது பெடலின் மரை தலைகீழ். தெரியாமல் வழக்கமான பக்கமே திருகி இன்னும் இறுக்கிவிட்டு, துருப் பிடித்துவிட்டது என்று சைக்கிள் கடைக்குத் தூக்கி வருகிறவர்கள் உண்டு.

10 ஜூன், காலை 6.20

நேற்று எழுதிய "எம்டிபி முதலில்" என்பதில் ஒரு சிக்கல். 29 இன்ச் எம்டிபியின் ஹேண்டில்பார் 74 முதல் 78 சென்டிமீட்டர் அகலம். சைக்கிள் காரின் பின்கதவுக்கு இணையாகத் தொங்கும்போது அதில் பாதி கண்ணாடியைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். சைக்கிள் தொங்கும் ரேக்கின் கை அவ்வளவு நீளமா என்று பாருங்கள். இல்லையென்றால் முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரை ஃபிரேமுக்கு இணையாகத் திருப்பிக் கட்டிவிடுங்கள். சக்கரம் காருக்குள் போய்விடும்.

சக்கரத்தைக் கழற்ற இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த எம்டிபி முனைக்கு முனை கிட்டத்தட்ட 1.9 மீட்டர். 2018 மாடல் ஸ்விஃப்டின் அகலம் 1.735 மீட்டர். இரண்டு பக்கமும் டயர் எட்டிப் பார்க்கும். டிக்கியைத்தான் ரியர்வியூவில் பார்க்கிறோம், பக்கவாட்டில் நீட்டுவது ஓட்டுகிறவருக்கு மறந்தே போகும். பைக்காரருக்கு மறக்காது. ரோடு பைக் 1.7 மீட்டருக்குள் அடங்கும், அதில் கவலை இல்லை.

டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு பிரேக் லீவரைப் பிடிக்காதீர்கள். ஹைட்ராலிக் என்றால் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சக்கரம் நுழையாது. இடையில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி வைத்தால் போதும்.

10 ஜூன், பகல் 1.00

"பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது?" ஒரே பெல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. இடது மேல், வலது மேல், பிறகு கீழ், பிறகு பக்கம், மறுபடி மேல் என்று சுற்று வர வேண்டும். ரேக்கைப் பிடித்து ஆட்டினால் காரும் சேர்ந்து ஆட வேண்டும். ரேக் மட்டும் ஆடினால் இன்னொரு சுற்று.

மாட்டுவதற்கு முன் ஈரத்துணியால் கதவையும் ரேக்கின் ரப்பரையும் துடைக்கணும். பெயின்டைக் கெடுப்பது ரப்பருக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டும் மணல். ஈசிஆர் பக்கம் வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

மாட்டிய பிறகு டிக்கியைத் திறக்க முடியாது. தண்ணீர் பாட்டில், பம்ப், மழைக்கோட்டு எல்லாவற்றையும் பின்சீட்டில் வையுங்கள். பின் வைப்பரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கச்சி தற்செயலாக ஸ்விட்சைத் தட்டினால் வைப்பர் பெல்ட்டோடு மல்லுக்கட்டி மோட்டார் போய்விடும்.

10 ஜூன், இரவு 10.15

கூரைக் கட்சி கோபமாக வந்திருக்கிறது. "பின்னாடி எவனாவது இடிச்சா சைக்கிள் சப்பையாயிடும், மேல இருந்தா தப்பிக்கும்" என்கிறார் கோவைக்காரர். நியாயம். நம் ஊர் சிக்னலில் பின்னால் தட்டுவது சகஜம், அந்த ஒரு விஷயத்தில் கூரைதான் ஜெயிக்கும்.

மற்றபடி கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்விஃப்ட் உயரம் 1.53 மீட்டர். மேலே கம்பி, தட்டு, அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் சைக்கிள் எல்லாம் சேர்ந்தால் 2.6 மீட்டரைத் தாண்டும். மால் பேஸ்மென்ட் வாசலில் தொங்கும் கம்பியில் 2.1 மீட்டர் என்று எழுதியிருக்கும். ஓட்டல் போர்ட்டிகோ, அபார்ட்மென்ட் கேட், கார் லேனுக்குப் போட்ட உயரத் தடுப்பு, ரயில்வே சப்வே, எல்லா இடத்திலும் தலைக்கு மேலே ஒன்று இருக்கிறது என்ற நினைப்போடு ஓட்டணும். போகும்போது நினைப்பு இருக்கும். நாள் முழுக்க மிதித்துவிட்டுக் களைத்துத் திரும்பி, சொந்த வீட்டு கார் ஷெட்டில் நேராக உள்ளே விடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

பதினைந்து கிலோவைத் தலைக்குமேல் தூக்கி, கார் கதவில் காலை வைத்து ஏறி நின்று கட்டுவது வேறு. உயரமானவர்களுக்குச் சரி.

11 ஜூன், காலை 8.00

இத்தனை பேர் பெல்ட், கொக்கி, பிராண்டு என்று பேசுகிறோம், ஒருவரும் முன்சக்கரத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. என்னைக் கேட்டால் டிக்கி ரேக்கில் நடக்கும் கோளாறில் பாதி அதில்தான் ஆரம்பிக்கிறது.

எனக்கு இதைச் சொல்லித் தந்தது ஒரு லாரிக்காரர். வாலாஜாபேட்டை தாண்டி டீக்கடையில் நிறுத்தியிருந்தேன். நல்ல ரேக், புது பெல்ட், எல்லாம் கல் மாதிரி இறுக்கம். அவர் டீ டம்ளரோடு வந்து பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன தம்பி, வண்டிய இவ்ளோ இறுக்கிட்டு சக்கரத்த அவுத்து உட்டுட்டீங்க?"

"சக்கரம் தனியாதானே அண்ணே தொங்குது, அதுல என்ன வெயிட்டு?"

"வெயிட்டு இல்ல. ஆட்டம். காத்துல அது இப்படி அப்படித் திரும்பும், திரும்புனா ஹேண்டிலு கூடவே வரும், ஹேண்டிலு வந்தா முழு வண்டியும் ஆடும். ஆடுற சாமான் எந்தக் கட்டையும் தளத்திடும்."

கேபினுக்குப் போய்ப் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்த ரப்பர் ஒன்றை எடுத்து வந்தார். முன் ரிம்மை ஃபிரேமின் சாய்ந்த கம்பியோடு சேர்த்து, இழுத்து, இரண்டு சுற்று, நுனியை அடியில் செருகினார். முடிச்சே போடவில்லை. அரை நிமிஷம் ஆகியிருக்காது. ஹேண்டிலைத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. வேலூர் போய்ப் பார்த்தபோது தொட்டில் ரப்பர்கள், அதாவது சைக்கிள் கம்பியை ரேக்கின் கையில் பிடிக்கும் பல் வைத்த பட்டைகள், எல்லாம் காலையில் இறுக்கிய பல்லிலேயே இருந்தன. அதற்கு முன்னால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பல் தளர்ந்திருக்கும். பெல்ட் மட்டமான சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டியூப் ரப்பர் பஞ்சர் கடையில் சும்மாவே தருவார்கள். வெல்க்ரோ பட்டை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

11 ஜூன், மாலை 5.40

சட்டம் கேட்டவர்களுக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில், அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கத்திலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். சைக்கிளுக்கு அதை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் டயர் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தால் வாக்குவாதத்துக்கு நம் கையில் ஒன்றும் இருக்காது. அதனாலும்தான் சக்கரத்தைக் கழற்றச் சொல்கிறேன்.

நடைமுறையில் நிறுத்துவது நம்பர் பிளேட்டுக்காக. என்னை ஒரு டோலுக்குப் பக்கத்தில் நிறுத்திய அதிகாரி ரேக்கைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டு, "நம்பர் எங்க?" என்று மட்டும் கேட்டார். பின்சக்கரத்துக்கு நடுவில் தெரிந்தது. குனிந்து படித்துவிட்டு, "இன்னும் மேல தூக்கிக் கட்டுங்க" என்று அனுப்பிவிட்டார். எல்லாரும் அப்படி விடுவார்கள் என்று சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்தில் மறைந்தால் இன்னொரு பிளேட்டை விளக்கோடு ஒரு பலகையில் பொருத்தி ரேக்கின் பின்னால் தொங்கவிடலாம். இங்கே 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்புப் பிளேட், கழற்ற முடியாத பூட்டோடு. வெளியில் இரண்டாவது பிளேட் அடித்து மாட்டினால் அது வேறு வம்பு. ரேக்கின் கையை உயர்த்தி வைத்து, டயரின் கீழ் விளிம்பு பிளேட்டுக்கு மேலே நிற்கும்படி பார்ப்பது ஒன்றே வழி. பின்விளக்கும் இண்டிகேட்டரும் தெரிகிறதா என்று தங்கச்சியை இருபதடி பின்னால் நிற்கச் சொல்லிப் பாருங்கள்.

12 ஜூன், காலை 6.50

சைலன்சர்! டயர் எங்கே தொங்குகிறது என்று குனிந்து பாருங்கள். சைலன்சர் வாய்க்கு நேர் பின்னால் டயர் இருந்தால் நெடுந்தூரத்தில் ரப்பர் சூடேறி டியூப் வெடிக்கும். மலை ஏறும்போது எஞ்சின் திணறும், வண்டி மெதுவாகப் போகும், சூடு அங்கேயே நிற்கும். கார்பன் ரிம் என்றால் டியூபோடு போகாது, ரிம்மே போய்விடும். சைக்கிளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், சக்கரத்தின் இடம் கொஞ்சம் மாறும். கையை உயர்த்தினால் இதுவும் தீரும், நம்பர் பிளேட்டும் தீரும்.

கார்பன் என்றதும் ஞாபகம். கார்பன் ஃபிரேமின் மேல்கம்பியைக் கிடுக்கி போட்டு நசுக்கும் ரேக் வேண்டாம். ரப்பர் தொட்டிலில் உட்காரவைத்துப் பட்டையால் கட்டுவது பரவாயில்லை, அளவாக இறுக்கினால்.

12 ஜூன், இரவு 8.30

மதுரையிலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்கள், பெண்ணுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளை ஏற்ற முடியுமா என்று. அதில் குறுக்குக் கம்பி இல்லை, தொட்டிலில் எதை உட்காரவைப்பது? சீட் கம்பத்துக்கும் ஹேண்டில் கழுத்துக்கும் நடுவில் மாட்டுகிற பொய்க் கம்பி விற்கிறது. ஆனால் அந்த சைக்கிள் இரும்பு, மட்கார்டு, கூடை, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து ரோடு பைக் இரண்டுக்குச் சமம். கூடையைக் கழற்றிவிட்டு, ரேக்கில் எழுதியிருக்கும் எடைக்குள் வந்தால் அதை ஒன்று மட்டும் ஏற்றுங்கள், பக்கத்தில் இன்னொன்று வேண்டாம்.

பக்கத்து ஊருக்கு என்றால் குட்டியானையில் போட்டு அனுப்புவதுதான் என் யோசனை. தூரம் என்றால் ரயில்வே பார்சல் ஆபீஸ்.

12 ஜூன், இரவு 11.05

பேச்சு பஸ்ஸுக்குப் போய்விட்டது, போகட்டும். பின்னால் ஏணி வைத்த பழைய ரூட் பஸ்களை நினைவிருக்கிறவர்கள் கை தூக்குங்கள். கூரைமேல் கேரியர் இருக்கும். கண்டக்டரிடம் லக்கேஜ் டிக்கெட், ஏணியில் ஒருவர் மேலே, கீழிருந்து ஒருவர் தூக்கிக் கொடுக்க, வாழைத்தாருக்கும் கோழிக்கூடைக்கும் பக்கத்தில் சைக்கிள் படுத்துக்கொண்டு வரும். எந்த பெல்ட், எந்த பக்கிள்? தேங்காய் நார்க் கயிறு ஒன்று.

சியாட்டிலில் இருக்கும் நண்பர் எழுதுகிறார்: அங்கே பஸ்ஸின் முகப்பில் மடக்கு ரேக். டிரைவர் கண்ணில் படும்படி முன்னால் போய் நின்று கைப்பிடியை அழுத்தினால் தட்டு இறங்குமாம். சக்கரங்களைத் தட்டில் வைத்து, ஸ்பிரிங் வைத்த கொக்கிக் கையை முன் டயர்மேல் இழுத்துவிட்டால் முடிந்தது. இறங்கும்போது டிரைவரிடம் "சைக்கிள் எடுக்கிறேன்" என்று சொல்ல மறந்தால் பஸ்ஸோடு சைக்கிளும் போய்விடும். கவனித்தீர்களா, அங்கேயும் பிடிப்பது முன்சக்கரத்தைத்தான். என் கட்சி!

பெங்களூருவில் பிஎம்டிசி கொஞ்சம் பஸ்களில் இப்படி முகப்பு ரேக் வைத்தது. சென்னையில் வந்தால் முதல் ஆளாக ஏற்றுவேன். பீக் அவரில் பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அந்த அரை நிமிஷம் பொறுப்பார்களா என்பது வேறு விஷயம்.

14 ஜூன், காலை 7.00

திருச்சிக்காரர் சரியான கேள்வி கேட்டார்: "ஒரே ஆள், ஒரே சைக்கிள், எதுக்கு ரேக்?" வேண்டவே வேண்டாம். பின்சீட்டை மடக்கி, இரண்டு சக்கரத்தையும் கழற்றி, செயின் பக்கம் மேலே இருக்கும்படி ஒரு பழைய போர்வையில் படுக்கப்போடுங்கள். கியர் மாற்றும் டெரெய்லர் அடியில் மாட்டி நசுங்கினால் கியர் விழாது, அதனால்தான் அந்தப் பக்கம் மேலே. திருட்டுப் பயம் இல்லை, மழை இல்லை, போலீஸ் இல்லை. நான் தனியாகப் போனால் இப்படித்தான். ரேக் வீட்டில் ஆணியில் தொங்கும்.

ரேக்கில் இருக்கும் சைக்கிளை டீக்கடை வாசலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பெல்ட்டை அறுக்க ஒரு பிளேடு போதும். கேபிள் பூட்டை இரண்டு ஃபிரேமுக்குள்ளும் விட்டு ரேக்கோடு பூட்டினாலும், கண் பார்வையில் நிற்பதுதான் பூட்டு.

18 ஜூன், இரவு 9.00

ஸ்விஃப்ட்காரர் போய்வந்துவிட்டார். எம்டிபியின் முன்சக்கரம் காருக்குள், ஹேண்டில் திருப்பிக் கட்டியாச்சு, ரோடு பைக் வெளியே. முதல் பத்து, பதினைந்து கிலோமீட்டரில் ஓரம் கட்டி பெல்ட்டை மறுபடி இறுக்கச் சொன்னேனா? சொல்லவில்லை, அவரே செய்திருக்கிறார். புது பெல்ட் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் நீளும், சர்வீஸ் ரோட்டு வேகத்தடைகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஏலகிரியில் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ரேக்கோடு ஏறாமல், அடிவாரத்தில் காரை விட்டு மிதித்தே ஏறியிருக்கிறார்கள். தங்கச்சி முதலில் ஏறினாராம்.

ஒரு புகார்: 80 தாண்டினால் பின்னால் "ங்ஙொய்" என்று ஒரு சத்தம், ஹைவே முழுக்க. அது பெல்ட். தட்டையான பட்டை காற்றில் அதிரும். கொக்கி மாட்டும்போது பட்டையில் ஒரு முறுக்கு விட்டு மாட்டினால் நின்றுவிடும். தொங்கும் நுனியைச் சுருட்டிச் செருகுங்கள், இல்லையென்றால் அது பெயின்டை அடித்துக்கொண்டே வரும்.

மழைக்கு முழு சைக்கிளையும் தார்ப்பாயால் மூடலாமா என்றும் கேட்டிருக்கிறார். கூடாது. காற்று பிடித்து இழுக்கும், விளக்கும் மறையும். சீட்டுக்கு மட்டும் ஒரு கவர் போதும். வீட்டுக்கு வந்து செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள்.

19 ஜூன், காலை 6.30

கடைசியாக வந்த கேள்வி: இ-சைக்கிள் இரண்டு, ஒவ்வொன்றும் 24 கிலோ, இதே பெல்ட் ரேக். பேட்டரியைக் கழற்றினாலும் ஒன்றுக்கு மூன்று கிலோதான் குறையும். இரண்டு சைக்கிள் பெல்ட் ரேக் பெரும்பாலும் ஒன்றுக்கு 15, 16 கிலோ என்று எழுதித்தான் வருகிறது. உங்கள் ரேக்கின் பெட்டியைத் தேடிப் படியுங்கள். ஒன்றைக்கூட ஏற்ற மாட்டேன். அதற்கு டோ பார், அதாவது காரின் பின்னால் அடியில் பொருத்தும் இழுவைக் கம்பி, போட்டு மாட்டும் தட்டு ரேக் வேண்டும். காருக்கு டோ பார் போடலாமா என்று முதலில் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், பிறகு ரேக் விலை பாருங்கள்.